தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்!

பிறந்த நாளுக்கோ, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்கோ பிள்ளைக்குப் புது சைக்கிள் வாங்கப் போகிறீர்கள். கடையில் என்னவெல்லாம் பார்ப்பீர்கள்? கலர் பிடித்திருக்கிறதா, கியர் உண்டா, முன்னால் கூடை இருக்கிறதா, சீட்டை ஏற்றி இறக்க முடியுமா... எல்லாம் பேசி முடித்து, பில் போடுகிற நேரத்தில் கடைக்காரர் மேலே தொங்குகிற ஒரு ஹெல்மெட்டைக் காட்டி, "இதையும் சேர்த்துப் போட்டுடட்டுங்களா?" என்று கேட்கிறார். உடனே நம் வாயில் வருகிற பதில் இதுதான்: "சைக்கிளுக்கு எதுக்குங்க ஹெல்மெட்? தெருவைத் தாண்டி எங்க போகப் போறான்!"

உங்களைக் குறை சொல்லவில்லை. அப்பா காலத்தில் வாடகை சைக்கிளை எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்கள்தானே நாமெல்லாம்? முழங்கால் தேய்ந்தது, முழங்கை தேய்ந்தது. தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ தடவிக்கொண்டு மறுநாளும் ஓட்டினோம். ஹெல்மெட்டா போட்டோம்?

சட்டமும் உங்கள் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, மோட்டார் பொருத்திய இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்குத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சாதாரண சைக்கிளைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

உலகம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் அபராதம் போடுவார்கள். நெதர்லாந்தில், ஜனத்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம் உள்ள அந்த நாட்டில், ஆபீஸ் போகிறவரும் ஹெல்மெட் போடுவதில்லை. குழந்தையை முன்னால் உட்கார வைத்து ஓட்டும் அம்மாவும் போடுவதில்லை. இரண்டுமே படித்த, பணக்கார நாடுகள்தான். இதில் யார் சொல்வதைக் கேட்பது? அதைத் தெரிந்துகொள்ள முதலில் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கெட்டித் தயிரும் கல் சட்டியும்

பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை. கசாப்புக் கடையில் பார்க்கிற மாதிரி கெட்டியான பொருள் என்று நினைக்காதீர்கள். உயிருள்ள மூளை, நன்றாக உறைந்த கெட்டித் தயிர் மாதிரி மிருதுவாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம். அந்த நீரில் மிதந்தபடி, மண்டை ஓடு என்கிற கல் சட்டிக்குள் மூளை பத்திரமாக இருக்கிறது. சட்டி லேசாக ஆடினால் தயிருக்கு ஒன்றும் ஆகாது. சட்டி வேகமாகப் போய் 'டங்'கென்று தரையில் இடித்து நின்றால்? சட்டி நின்றுவிடும். உள்ளே இருக்கும் தயிர் நிற்காது. போன வேகத்தில் சுவரில் போய் மோதும். பிறகு எதிர்ப்பக்கச் சுவரில் மோதும். தலை சுழன்றபடி விழுந்தால் உள்ளே இருக்கும் நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்து போகலாம்.

"அவ்வளவு வேகமாகவா சைக்கிள் ஓட்டுகிறான் என் பையன்?" என்பீர்கள். வேகமே வேண்டாம் ஸார்! சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் சைக்கிளிலிருந்து அப்படியே சாய்ந்து, அந்த உயரத்திலிருந்து தலை நேராகத் தரையில் மோதினால், மோதுகிற வேகம் மணிக்கு ஏறக்குறைய 19 அல்லது 20 கிலோமீட்டர். சைக்கிள் போகிற வேகம் இதற்குமேல் தனிக் கணக்கு. 'மெதுவாத்தானே ஓட்டறான்' என்கிற சமாதானம் இங்கே செல்லாது.

இன்னொரு விஷயம். காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். மண்டை ஓட்டிலேயே மிக மெல்லிய எலும்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு உட்புறம் ஒட்டினாற்போல் ஒரு ரத்தக் குழாய் போகிறது. அந்த இடத்தில் நடைபாதைக் கல்லோ கேட்டின் முனையோ இடித்தால் எலும்பு கீறி, அந்தக் குழாய் அறுந்துவிடலாம். அடிபட்ட பிள்ளை கொஞ்சம் மயங்கி, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லேம்மா" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்காரும். எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவில் ரத்தம் மட்டும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு நினைவிழப்பு. சரியான நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் பிழைத்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். 'தூங்கட்டும், காலையில பார்க்கலாம்' என்று விட்டால்தான் ஆபத்து.

முழங்காலில் அடிபட்டால் தோல் வளரும். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டால் ஆறு வாரத்தில் எலும்பு சேரும். செத்துப்போன மூளைத் திசு அப்படித் திரும்ப வளர்வதில்லை. குரங்குப் பெடல் காலத்தில் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறோமே, ஆனவர்கள் இன்று அதைச் சொல்வதற்கு நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அதோடு, அன்றைய தெருவில் மணிக்கு ஒரு பஸ் வந்தது. இன்றைய தெருவில்? 2022-ம் வருஷம் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் சைக்கிளில் சென்றவர்கள் மட்டும் 4,800-க்கும் மேல்.

தெர்மோகோல் என்ன செய்யும்?

சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "இது என்னங்க, வெறும் தெர்மோகோல்! இதுவா காப்பாத்தும்?" உண்மைதான். டி.வி. பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்களே, அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான். கொஞ்சம் அடர்த்தியாக அழுத்திச் செய்திருப்பார்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. மொத்தம் 250 முதல் 350 கிராம்.

அது உடைவதற்காகவே செய்யப்பட்டது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் போய்விடும். அதே சூட்சுமம்தான் இங்கேயும். வெறும் தலை தார் ரோட்டில் மோதினால் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள், கண் இமைப்பதற்குள் நின்றாக வேண்டும். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் தெர்மோகோல் இருந்தால், அது நசுங்கி நசுங்கித் தலையைக் கொஞ்சம் மெதுவாக நிறுத்துகிறது. அந்தக் கொஞ்சம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்தும், அமெரிக்காவில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்தும் இரும்புக் கட்டை மேல் போட்டுப் பார்க்கிறார்கள். தானாக விழுந்து தலை தரையில் மோதுகிற விபத்துக்குத்தான் அது தயாரிக்கப்படுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லாரி வந்து மோதினால் இந்த 300 கிராம் தெர்மோகோல் எதையும் தடுத்து நிறுத்தாது. 'ஹெல்மெட் இருக்குல்ல, பைபாஸ்லயே போய்ட்டு வாடா' என்று யாராவது சொன்னால், அது அறியாமை.

ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை

1989-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் ஆபத்து 85 சதவிகிதம் குறைவு என்று சொன்னது அந்த ஆய்வு. அடேயப்பா! உலகம் முழுக்க இந்த எண்ணைத்தான் இருபது வருஷம் எல்லோரும் ஒப்பித்தார்கள்.

பிறகு கேள்விகள் எழுந்தன. ஹெல்மெட் போடுகிறவர் பொதுவாகவே நிதானமானவராக இருப்பார், பார்க்குக்குள் ஓட்டுவார், சிக்னலை மதிப்பார். தலை தப்பியது ஹெல்மெட்டாலா, அவருடைய குணத்தாலா? வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை. கடைசியில் 2013-ல் அமெரிக்க அரசுத் துறைகளே அந்த 85 சதவிகிதத்தைத் தங்கள் பிரசாரத்திலிருந்து எடுத்துவிட்டன.

அப்படியானால் உண்மையான எண் என்ன? 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளை, அடிபட்ட 64,000-க்கும் அதிகமான சைக்கிள்காரர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களிடம் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 சதவிகிதம் குறைவு. மோசமான தலைக்காயம் 69 சதவிகிதம் குறைவு. உயிரைப் பறிக்கும் தலைக்காயம் 65 சதவிகிதம் குறைவு. முகத்தில் அடிபடுவதுகூட 33 சதவிகிதம் குறைவு. 'ஹெல்மெட் போட்டால் கழுத்து முறியும்' என்று ஒரு பயம் இருக்கிறது இல்லையா? அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

85 வேண்டாம், பாதியே இருக்கட்டும். வேறு எந்த டானிக், எந்த லேகியம் உங்கள் பிள்ளைக்கு வரக்கூடிய ஓர் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. 2006-ல் இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்து மனோதத்துவ நிபுணர் இயன் வாக்கர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, சில நாள் ஹெல்மெட்டோடும் சில நாள் வெறுந்தலையோடும் ஓட்டினார். தன்னைத் தாண்டிப் போன 2,300-க்கும் அதிகமான வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்று அளந்தார். ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கி வந்தன! 'இவன் தேர்ந்த ஆள், தலைக்கவசம் வேறு இருக்கு' என்று டிரைவர்கள் நினைத்தார்களோ என்னவோ. அதைவிட வேடிக்கை: அவர் நீளமான பெண் விக் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டியபோது, பெண் என்று நினைத்து வண்டிகள் 14 சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளிப் போயின. (நம்மூரில் இந்தச் சோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது!) 2013-ல் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மீட்டருக்குள் ஆபத்தாக நெருங்கிய வண்டிகளை மட்டும் பார்த்தால் ஹெல்மெட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். நமக்கு இதில் கிடைக்கும் பாடம் சின்னதுதான். ஹெல்மெட் தலையைக் காக்கும். பின்னால் வரும் டிரைவரைத் திருத்தாது.

சட்டம் போட்டவர்கள் கதை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்தான் உலகிலேயே முதன்முதலாக, 1990 ஜூலை 1-ம் தேதி முதல், சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அதற்கு முன் 31 சதவிகிதம் பேர் அணிந்தார்கள். சட்டம் வந்த மறு வருஷம் 75 சதவிகிதம். தலையில் அடிபட்டு இறந்த அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்த சைக்கிள்காரர்களுக்கான இன்சூரன்ஸ் க்ளைம் முதல் வருஷத்திலேயே 48 சதவிகிதம் குறைந்தது. பிரமாதம் என்று கை தட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அதே வருஷம் தலையில் அடிபடாமல், கை காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன சைக்கிள்காரர்களும் 23 சதவிகிதம் குறைந்துவிட்டார்கள். ஹெல்மெட் கால் எலும்பைக் காப்பாற்றாதே! அது எப்படிக் குறைந்தது?

அந்தச் சமயத்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் அதிவேகத்துக்கும் எதிராகப் போலீஸ் கெடுபிடி அதிகமாகியிருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் நம்மை யோசிக்க வைக்கிறது. மெல்போர்ன் நகரில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதே அந்த முதல் வருஷத்தில் 36 சதவிகிதம் குறைந்துவிட்டது. 'இந்தச் சட்டியைக் கவுத்துக்கிட்டுப் போறதுக்கு ஓட்டாமலே இருக்கலாம்' என்று சைக்கிளை ஓரம் கட்டிவிட்டார்கள் பசங்கள். பெரியவர்கள் ஓட்டுவது குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் தலை பிழைத்தது. ஆனால் பல பிள்ளைகள் ஓடியாடுவதை விட்டார்கள். இது லாபமா, நஷ்டமா? இன்றுவரை நிபுணர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் சில நாடுகள் நடுவழி பிடித்தன. இஸ்ரேல் 2011-ல் பெரியவர்களுக்கான கட்டாயத்தைத் தளர்த்தியது. ஸ்பெயினில் ஊருக்குள் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் கட்டாயம். ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது, ஆனால் அபராதம் கிடையாது.

நெதர்லாந்தைச் சுட்டிக்காட்டி, 'அவங்க போடறதில்லையே' என்பவர்கள் அங்கே முன்பு நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு சைக்கிளுக்கென்று தனிப் பாதை, குடியிருப்புத் தெருக்களில் காருக்கு வேகக் கட்டுப்பாடு என்று வருஷக்கணக்கில் ஊரையே மாற்றினார்கள். லாரியும் சைக்கிளும் ஒரே ரோட்டில் உரசிக்கொள்ளாத ஊரில் வெறுந்தலையோடு போகலாம். தனிப் பாதை என்று பலகை வைத்த இடத்திலும் கார் நிறுத்தியிருக்கும் நம் ஊரில்?

பந்தய வீரர்களே நீண்ட நாள் அடம் பிடித்தார்கள் என்பது கொசுறுத் தகவல். 1991-ல் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் பெரிய பெரிய வீரர்கள் சூடு தாங்காது என்று ஸ்டிரைக் செய்து விதியை வாபஸ் வாங்க வைத்தார்கள். 1995 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இத்தாலி வீரர் ஃபேபியோ காசர்டெல்லி தலையில் அடிபட்டு இறந்தார். 2003-ல் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகுதான் விதி மறுபடி வந்தது, இந்த முறை நிலைத்தது.

சரி, நம்ம வீட்டுக்கு?

அபராதம் போடும் சட்டம் நம் ஊருக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விடியற்காலையில் கட்டட வேலைக்கு, வாட்ச்மேன் வேலைக்கு, பூ விற்க, பால் ஊற்றப் பழைய சைக்கிளில் போகிறவரை மறித்து ஃபைன் போடுவது தர்மமாகாது. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அன்றைக்கு 'முதல்ல ஹெல்மெட் வாங்கிட்டு வா' என்று யாராவது வாசலில் நின்றிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

ஆனால் கியர் சைக்கிள் வாங்கித் தர முடிகிற வீட்டில் ஹெல்மெட்டும் வாங்க முடியும். புதிதாகப் பழகும் குழந்தை, ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் மெயின் ரோட்டில் போகிற பிள்ளை, கேரியர் சீட்டில் உட்காரும் சின்னக் குழந்தை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிப் பாயும் இளவட்டங்கள், அறுபதைத் தாண்டி டாக்டர் சொன்னாரென்று மறுபடி சைக்கிள் எடுத்திருக்கும் தாத்தா... இவர்கள் அவசியம் போட வேண்டும். அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற தாத்தாவுக்குச் சின்ன அடியும் பெரிய அடிதான்.

'போட்டாத்தான் சைக்கிள்' என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வயதில் பழகியது பன்னிரண்டு வயதில் உறுத்தாது. பன்னிரண்டில் புதிதாக ஆரம்பித்தால், "ஃபிரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்கம்மா" என்று வரும். அப்போது மிரட்டிப் பயனில்லை. கலரை அவனையே, அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். முடிந்தால் அதே தெருவின் இரண்டு மூன்று அம்மாக்கள் பேசி வைத்துச் சேர்ந்தே வாங்கிக் கொடுங்கள். கிண்டல் பண்ண ஆளே இருக்காது! டூவீலரில் ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகும் அப்பா இதைச் சொன்னால் மட்டும் எடுபடாது.

வாங்கும்போது...

டெய்லர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். ஹெல்மெட்டுக்குள் சென்டிமீட்டரில் அளவு போட்டிருக்கும். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும்' என்று வாங்காதீர்கள். தொளதொளவென்று இருக்கும் ஹெல்மெட் விழும்போது பின்னால் நழுவி, நெற்றியைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே 'இ.என். 1078' அல்லது 'சி.பி.எஸ்.சி.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஐரோப்பியத் தரம், அடுத்தது அமெரிக்கத் தரம்.

மாட்டிய பிறகு ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். அம்மன் கிரீடம் மாதிரி பின்னால் தள்ளி வைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை. பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே ஆங்கில 'வி' எழுத்துப் போல் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வாயை 'ஆ'வென்று திறந்தால் ஹெல்மெட் தலையைக் கீழே அழுத்துவது தெரிய வேண்டும். வாரை மாட்டாத ஹெல்மெட், விழுகிற பிள்ளைக்கு முன்னால் தரைக்குப் போய்ச் சேரும்!

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. உச்சியில் குதிரைவால், கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. ரெட்டை ஜடை போட்டு மடித்துக் கட்டினாலோ, கழுத்தருகே தாழப் பின்னினாலோ பிரச்னை இல்லை. உலோக கிளிப்பும் ஸ்லைடும் ஹெல்மெட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது; விழுந்தால் குத்தும்.

"வீட்ல அவங்கப்பாவோட மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சும்மாதானே இருக்கு, அதைப் போட்டுக்கட்டுமே?" வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடை. பெடல் மிதிக்கிற பிள்ளைக்கு வெந்து போகும், காதும் சரியாகக் கேட்காது. சைக்கிள்காரருக்குக் காது இரண்டாவது கண். வியர்வை, எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் தெர்மோகோல் கரைந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். தோழிகளுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் ஹெல்மெட்டோடு பேனும் வீட்டுக்கு வரும்.

முக்கியமான எச்சரிக்கை: சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதோடு சறுக்குமரம், ஏணி, மரக்கிளை என்று ஏறினால், தலை மட்டும் இடுக்கில் மாட்டி, தாடை வார் கழுத்தை இறுக்கிவிடும். இப்படி வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்தே இருக்கிறார்கள்.

விழுந்துவிட்டால்?

பிள்ளை மயங்கிக் கிடந்தால் பதறி அள்ளித் தூக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. மயங்கியவரின் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பிள்ளை எழுந்து நன்றாகப் பேசினாலும் அடுத்த 24 மணி நேரம் உங்கள் கண் பார்வையில் இருக்கட்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப எழுப்பத் தூக்கம், பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரியோ ரத்தமோ கசிவது, விழுந்ததே ஞாபகம் இல்லாமல் கேட்டதையே கேட்பது... இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரியானாலும் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது. ரத்தக் கசிவு இருந்தால் அதை அதிகமாக்கும். 'தூங்கவே விடக் கூடாது' என்று பாட்டி சொல்வார். டாக்டர் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் தூங்கட்டும். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பேர் சொல்கிறதா, அம்மாவை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை டாக்டர் சரி என்கிற வரை மறுபடி சைக்கிளிலோ விளையாட்டிலோ விடாதீர்கள். முதல் அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி ரொம்பப் பொல்லாதது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது டாக்டருக்கு உதவும். திரும்பி வந்த பிறகு, வெளியில் கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அதை மறுபடி போடக் கூடாது. உள்ளே தெர்மோகோல் ஒரு முறை நசுங்கிவிட்டால் அடுத்த முறை நசுங்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. குப்பையில் போடும்போது வாரைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் நல்ல ஹெல்மெட் என்று நினைத்து வேறு யாராவது எடுத்துத் தன் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்.